கடலோரப் பாறையில் ஒரு மேடை

1932 ஆகஸ்ட். இங்கிலாந்தோட தென்மேற்குக் கோடி, கார்ன்வால். கடலைப் பார்த்து இறங்குற பாறைச் சரிவுல ஊர்க்காரங்க ஷேக்ஸ்பியரோட ‘தி டெம்பஸ்ட்’ நாடகம் போட்டாங்க. வெளிச்சத்துக்கு பேட்டரியும் கார் ஹெட்லைட்டும்கூட உதவிச்சு!

இதுதான் மினாக் தியேட்டர். கட்டினவர் ரொவீனா கேட். கட்டடக்கலை படிச்சவர் இல்லை. நாடகம் போட இடம் வேணும்னு ஊர்க்காரங்க தேடினப்போ, தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கீழே இருந்த பாறையைக் கொடுத்தார். கொடுத்ததோட நிக்கலை. தோட்டக்காரர் பில்லி ராலிங்ஸ் அங்கேயே கிடந்த கருங்கல்லைக் கையால பிளக்க, இவர் கூடவே கல்லும் மண்ணும் சுமந்தார்.

அப்புறம் போர் வந்தது. ராணுவம் முள்கம்பி போட்டது. முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து! ராணுவம் விட்டுட்டுப் போன காவலரண், பிறகு டிக்கெட் கவுண்டர் ஆச்சு.

கருங்கல் வேலை பெரும்பாடு. அதனால சிமெண்டுக்கு மாறினாங்க. மணல் கீழே கடற்கரையில இருந்து மூட்டை மூட்டையா மேலே ஏறிச்சு. சிமெண்ட் இறுகுறதுக்குள்ள பழைய ஸ்க்ரூடிரைவரால அதுல அலங்காரம் கீறினார் ரொவீனா.

எண்பது வயசு தாண்டியும் அவர் வேலையை விடலை. 1983-ல் மறைந்தார். ஒரே ஒரு நாடகத்துக்காக ஆரம்பிச்ச அந்த மேடையில இன்னைக்கும் நாடகம் நடக்குது.