பின்சீட்டுப் பிள்ளைகளும் மைல்கற்களும்

நீண்ட கார்ப் பயணத்தில் பிள்ளைகளைச் சமாளிப்பது எப்படி என்ற கேள்வி நம் பக்கத்துக்குக் கொஞ்சம் புதியதுதான். ரயிலில் போனால் ஜன்னல் இருக்கும், எதிர் சீட்டுக்காரர் இருப்பார், முறுக்கு விற்பவர் வருவார். பஸ்ஸில் கண்டக்டரின் விசில் ஒன்றே போதும். காரில் இவை எதுவும் கிடையாது. நாலு கதவையும் சாத்திவிட்டால் உள்ளே குடும்பம் மட்டும்தான். வேடிக்கையை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

1950-களின் கடைசியில் வந்த அம்பாசிடர்தான் நடுத்தரக் குடும்பத்துக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சாக வைத்து வங்காளத்து உத்தரபாராவில் செய்த வண்டி. சொந்தமாக வைத்திருந்தவர்கள் குறைவு. கல்யாணத்துக்கோ குலதெய்வக் கோவிலுக்கோ வாடகைக்கு எடுப்போம். முன்சீட்டு ஒரே நீள பெஞ்சு, கியர் ஸ்டியரிங் பக்கத்தில். அதனால் டிரைவருக்கும் அப்பாவுக்கும் நடுவே ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கும். அந்த இடத்துக்கு நடந்த சண்டைதான் பயணத்தின் முதல் பொழுதுபோக்கு. பின்னால் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. பெரியவர்கள் மூன்று பேர், மடியில் மூன்று, சீட்டின் விளிம்பில் இரண்டு.

எங்கள் வழக்கமான பாதை சென்னையிலிருந்து மதுரை. சுமார் 460 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் போய்ச் சேருவோம். இடையில் ரேடியேட்டர் கொதித்தால் ஏரிக்கரையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த அரை மணி நேரமும் எங்களுக்குத் திருவிழா. ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்னும் விசேஷம். வெள்ளரிக்காய் கிடைக்கும், கூட்ஸ் வண்டியாக இருந்தால் பெட்டிகளை எண்ணலாம். இரண்டு பிள்ளைகள் எண்ணினால் கணக்கு ஒருபோதும் ஒத்துப்போகாது.

மைல்கல் விளையாட்டு பல வீடுகளில் இருந்திருக்கும். மைலுக்கு எட்டு ஃபர்லாங். மெட்ரிக் அளவுகள் வந்து கற்களில் கிலோமீட்டர் ஏறிய பிறகும் 'மைல்கல்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. மேலே மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை. எங்கள் பெரியப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி எங்களிடம் கொடுத்துவிடுவார். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பார்த்து, 3600-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 60 விநாடி என்றால் 60, 50 விநாடி என்றால் 72. வகுத்தல் கணக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததைவிட விழுப்புரம் ரோட்டில்தான் அதிகம் வந்தது. டிரைவருக்கு இந்த விளையாட்டு அவ்வளவாகப் பிடிக்காது.

அடுத்தது ஊர்ப்பெயர். ஒருவர் சொல்லும் ஊரின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நம் ஊர்களில் பாதி 'ஊர்', 'புரம்' என்று முடிவதால் ர-வும் ம-வும் சீக்கிரம் வற்றிப்போகும். ஆனால் உண்மையான கண்டம் 'பட்டி'தான். யாராவது உசிலம்பட்டி என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் 'டி'-யில் தொடங்க வேண்டும். தமிழ்ச் சொல் ட-வில் தொடங்காது என்பது இலக்கணம். ஒரே வழி டி. கல்லுப்பட்டி. அதைச் சொன்னால் அடுத்தவருக்கும் 'டி'-தான். அதோடு ஆட்டம் அடிதடியில் முடியும்.

பாட்டுக்குப் பாட்டிலும் இதே வில்லங்கம் உண்டு. 'ன்', 'ள்', 'ழ்' என்று முடிந்தால் என்ன செய்வது? 'ன'-வுக்கு 'ந' எடுத்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் நடத்திய பிறகு இந்த ஆட்டத்துக்கே ஒரு மரியாதை வந்தது. காரில் பாட்டிகள்தான் ஜெயிப்பார்கள். பாகவதர் காலத்திலிருந்து சரக்கு அவர்களிடம் இருந்தது.

அம்புலிமாமாவும், 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும் பையில் இருந்தாலும் ஓடும் வண்டியில் பிரிக்க விடமாட்டார்கள். குனிந்து படித்தால் வாந்தி வரும். உடம்பு ஆடுவதைக் காது உணர்கிறது, கண்ணோ அசையாத எழுத்தைப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் வயிறு புரட்டுகிறது. காரணம் தெரியாவிட்டாலும் அம்மாக்களுக்கு வைத்தியம் தெரிந்திருந்தது. கையில் ஒரு எலுமிச்சம்பழம், "தூரமாப் பாரு" என்று ஒரு அதட்டல்.

தூரத்தில் பார்க்கவும் நிறைய இருந்தது. இருபுறமும் வெள்ளை கறுப்புப் பட்டை அடித்து எண் போட்ட புளியமரங்கள். புளிய வனம் என்ற பொருளில் திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். கொள்ளிடம் நெருங்கும்போது மலைக்கோட்டையை முதலில் பார்த்தவருக்கு ஒரு பாயிண்ட். விராலிமலையில் மயில். மேலூர் தாண்டினால் ஆனைமலை. ஒரு கோணத்தில் வெறும் பாறை, இன்னொரு கோணத்தில் துதிக்கை நீட்டிப் படுத்த யானை. அந்த மாற்றம் எந்த இடத்தில் நடக்கிறது என்று எங்களுக்குள் தீராத வழக்கு.

1989-இல் புது வண்டி எண்கள் வந்தபோது நான் தகப்பனாகிவிட்டேன். 45 திருச்சி, 37 கோவை, 72 நெல்லை, 74 நாகர்கோவில் என்று என் பிள்ளைகள் மாவட்டங்களை நம்பர் பிளேட்டில்தான் படித்தார்கள். அதற்குள் மாருதியில் கேசட் வந்துவிட்டது. பாடுவது குறைந்து கேட்பது கூடிற்று.

பிறகு நான்கு வழிச்சாலை. மரங்கள் போயின, ஊர்கள் பைபாஸுக்கு அப்பால் ஒதுங்கின. மதுரைப் பாதைக்கு 45 என்ற பழைய எண்ணும் போய், 2010 அறிவிப்புக்குப் பின் 32, 132, 38 என்று துண்டுகளாயிற்று. நேரம் மிச்சமானதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்சீட்டில் பிள்ளையை நிறுத்திக்கொண்டு போனதையும் பழம்பெருமையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு திடீர் பிரேக்கில் அந்தப் பிள்ளை கண்ணாடியில்தான் போய் மோதியிருக்கும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட் அல்லது குழந்தை இருக்கை வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டுபவருக்கு 1000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அவசியமான சட்டம். நம் ஆட்கள்தான் இன்னும் மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு ஆற்றாமை வேறு. பெல்ட் போட்ட பிள்ளை கையில் செல்போன். ஏறும்போது குனிந்த தலை மதுரையில்தான் நிமிர்கிறது. விராலிமலை வந்ததும் போனதும் அதற்குத் தெரியாது. நடுவில் வாந்தி மட்டும் வருகிறது.

போன மே மாதம் நெட்வொர்க் கிடைக்காத பதினைந்து நிமிடத்தில் பெங்களூர்ப் பேத்திக்கு ஊர்ப்பெயர் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். ஆண்டிப்பட்டி என்று சொல்லி 'டி'-யில் மடக்கினேன். அவள் எதிரே வந்த பலகையின் ஆங்கில எழுத்தைப் பார்த்து, "டிண்டிவனம், தாத்தா!" என்றாள். அவள் அம்மா செல்லாது என்றாள். செல்லும் என்றேன் நான். மதுராந்தகம் வரை வழக்கு ஓடியது.