பதிவறையில் உறங்கும் நம் வரலாறு

நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர், சான்று இல்லையே என்பதாகும். நிலம் இல்லாதவர்க்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவர் பெயர் வருவாய்க் கணக்கில் ஏறுவதில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் நாட்குறிப்பு எழுதியதில்லை. கடிதக் கட்டுகளையும் விட்டுச் சென்றதில்லை. முதியோர் நினைவில் நிற்பவை மட்டுமே நமக்கு எஞ்சியுள்ளன. அம்முதியோரும் ஆண்டுக்கு ஆண்டு நம்மை விட்டு மறைந்து வருகின்றனர்.

ஆயினும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தொழில் ஆகிய அனைத்தையும் கேட்டு, அவர் கண்டதையும் பட்டதையும் ஆணையிட்டுச் சொல்லச் செய்து, அதனை எழுதிக் கையொப்பமோ கைந்நாட்டோ பெற்றுக் கட்டி வைத்த இடம் ஒன்றுண்டு. அதுவே குற்றவியல் நீதிமன்றம். நம்மவர் அங்குக் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றிருக்கலாம், முறையிட்டவராக நின்றிருக்கலாம், சாட்சியாக நின்றிருக்கலாம். எவ்வாறு நின்றிருப்பினும் அவர் சொல் அங்கே பதிவாயிற்று. தொலைவிலுள்ள சிற்றூர்களில் நிகழ்ந்தவற்றின் நீதிமன்ற ஆவணங்களை நம் இளைஞர் தேடிக் காணும் வழியினை, நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

தீர்ப்பு வேறு, ஆவணம் வேறு

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசை ஒன்றினுள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார் பதின்மருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெருஞ்செல்வரான நிலக்கிழார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்பதனை நம்புதற்கில்லை என்ற அத்தீர்ப்பின் கருத்து, இன்றுவரை பல நூல்களிலும் மேடைகளிலும் எடுத்துக்காட்டப்பட்டு வருகின்றது.

இளைஞர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அக்கருத்து நமக்கு எவ்வாறு தெரிய வந்தது? தீர்ப்பு பொது ஆவணமாக இருந்தமையாலும், அதனை எவரோ தேடி எடுத்துப் படித்தமையாலும் தெரிய வந்தது. விடுதலை அளித்த தீர்ப்பே அவ்விடுதலைக்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் உலகறியச் செய்துவிட்டது. தோற்ற வழக்கின் கட்டும் வரலாற்றுக்குத் தோற்ற கட்டு ஆகாது. மேலும், அவ்விரவு நிகழ்ந்த மற்றொரு கொலைக்காகத் தொழிலாளர்கள் மீது தனி வழக்கு நடைபெற்றது. ஓர் இரவுக்கு இரண்டு கட்டுகள். ஒன்றை மட்டும் படிப்பவர் பாதி வரலாற்றையே படித்தவர் ஆவார். எந்தக் கலவரத்தை ஆராயினும், நம்மவர் கொடுத்த முறையீட்டின் மீது எழுந்த வழக்கையும், நம்மவர் மீது தொடரப்பட்ட வழக்கையும் சேர்த்தே தேடுதல் வேண்டும்.

நிகழ்ந்த இடமும் விசாரித்த இடமும்

தேடச் செல்வோர் செய்யும் முதற்பிழை, நிகழ்ச்சி நடந்த ஊருக்கு அருகிலுள்ள நீதிமன்றத்திலேயே கட்டு இருக்கும் என்று எண்ணுவதாகும். 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். வறண்ட முதுகுளத்தூர்ப் பகுதியையே உலுக்கிய அவ்வழக்கின் விசாரணை நடைபெற்ற இடம் புதுக்கோட்டை. தீர்ப்பு வந்தது 1959இல். மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் தம்முடன் வந்தோர் சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 2001ஆம் ஆண்டு ஜூலையில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம் இருந்ததோ சேலத்தில். 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தன. இதற்கு நேர்மாறாக, ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்துச் சுண்டூரில் 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நிகழ்ந்த படுகொலைக்குத் தனி நீதிமன்றம் அவ்வூரிலேயே அமைக்கப்பட்டது. ஆதலின், எங்கே நிகழ்ந்தது என்பதோடு எங்கே விசாரிக்கப்பட்டது என்பதனையும் முதலில் அறிதல் வேண்டும். அக்காலச் செய்தித்தாள்கள் இதற்குப் பெரிதும் உதவும்.

மலையடிவாரத்துச் சிற்றூரும் ஆவணத்தால் நிலைபெறும் என்பதற்கு வாச்சாத்தி சான்றாகும். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடியில் உள்ளது அப்பழங்குடியினர் ஊர். 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே புகுந்தனர். மக்கள் அடிக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பெண்கள் 18 பேர் வன்கொடுமைக்கு ஆளாயினர். ஊராரே குற்றவாளிகள் என்று கூறிப் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்ற ஆணையின்படி 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணை தொடங்கிற்று. குற்றம் சாட்டப்பட்ட அலுவலர் 269 பேர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், அவர்களுள் அன்று உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் அவ்வூருக்கே நேரில் சென்று பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. சீருடை அணிந்தோர் மறுத்த செய்தி, மலையடிவாரத்து மக்களின் சாட்சியத்தால் முப்பத்தோராண்டுக்குப் பின்னும் நிலைநின்றது.

எண்ணே திறவுகோல்

நீதிமன்றப் பதிவறையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் கட்டு கிடைப்பதரிது. எண்ணும் ஆண்டும் வேண்டும். இதனை நான் என் பட்டறிவால் உணர்ந்தேன். என் குழந்தைப் பருவத்தில் எங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் இறைத்த நம் தெருவினர் தாக்கப்பட்டனர் என்றும், அவ்வழக்கில் என் தந்தையார் சாட்சி சொன்னார் என்றும் என் அன்னையார் சொல்வதுண்டு. எந்த ஆண்டு என்று கேட்டால், “நம்மூருக்கு பஸ் வந்ததே, அதற்கு மறு வருஷம்” என்பார். இச்செய்தியோடு நீதிமன்ற அலுவலகம் சென்றேன். “எண் இல்லாமல் எதைத் தேடுவது, ஐயா?” என்று எழுத்தர் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. இரண்டு கோடை விடுமுறைகள் பயனின்றிக் கழிந்தன. பின்னர் என் அன்னையாரின் தகரப் பெட்டியில், பழைய குடும்ப அட்டையோடு மடித்து வைத்திருந்த சாட்சி சம்மன் ஒன்று கிடைத்தது. அதில் வழக்கு எண் இருந்தது.

எண்கள் எவ்வாறு மாறிச் செல்கின்றன என்பதனை அறிந்து கொள்க. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும்பொழுது அதற்குக் குற்ற எண் கிடைக்கும். குற்றப்பத்திரிகை நடுவர் நீதிமன்றத்திற்கு வந்ததும், நடுவரே விசாரிக்கும் வழக்காயின் சி.சி. எண் பெறும். அமர்வு நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய வழக்காயின் முதலில் பி.ஆர்.சி. எண்ணும், அமர்வு நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்ட பின் எஸ்.சி. எண்ணும் பெறும். மேல்முறையீட்டில் மற்றோர் எண் உண்டாகும். ஒரே வழக்கு இவ்வாறு நான்கு பெயர் பூண்டு நிற்கும். ஆயினும் தீர்ப்பின் முகப்பில் காவல் நிலையமும் குற்ற எண்ணும் குறிக்கப்படுவதால், ஓர் எண் கிடைத்துவிட்டால் மற்றவற்றைச் சங்கிலி போலப் பற்றிச் செல்லலாம்.

என் தேடலின் முடிவையும் சொல்லி விடுகின்றேன். சாட்சியங்கள் அடங்கிய கட்டு, காலவரை முடிந்து அழிக்கப்பட்டுவிட்டதாகப் பதிவேடு கூறியது. தீர்ப்பு மட்டும் இருந்தது. எதிரிகள் ஐயத்தின் பலனைப் பெற்று விடுதலையாயினர். ஆனால், மூன்றாம் சாட்சியாகிய என் தந்தையார் அடித்தவரை இன்னாரென்று பெயர் சொல்லிக் கூறினார் என்றும், குறுக்கு விசாரணையிலும் அதனை மாற்றிச் சொல்லவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அக்கிணறு பொதுக்கிணறே என்பதையும் நடுவர் ஏற்றுக் குறித்திருந்தார். என் தந்தையார் கையொப்பமிடவும் அறியாதவர். அவர் பண்ணையார் எதிரில் நின்று பேசிய சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் உள்ள எழுத்துச் சான்று அது ஒன்றே. அந்நகலைப் படித்துப் பொருள் சொன்னபொழுது என் அன்னையார், “அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை” என்று மட்டும் சொன்னார்.

சட்டம் தரும் உரிமை

குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடைபெற வேண்டும் என்பது பொது விதி. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363ஆம் பிரிவு, தீர்ப்பினால் பாதிக்கப்பட்ட எவரும் தீர்ப்பின் நகலையும் சாட்சியம் முதலிய பகுதிகளின் நகலையும் கட்டணம் செலுத்திப் பெறலாம் என்றது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 404ஆம் பிரிவும் அவ்வுரிமையைத் தருகின்றது. வழக்கில் தொடர்பில்லாத ஆராய்ச்சியாளர், உயர் நீதிமன்ற விதிகளின்படி, எதற்காக நகல் வேண்டும் என்பதைக் காரணத்தோடு கூறி அனுமதி பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நீதிமன்றக் கட்டுகளின் நகலுக்கு நீதிமன்ற விதிகளின்படியே மனுச் செய்ய வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதிக்கப்பட்டோர்க்கு முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றி வழங்க வேண்டும். அச்சட்ட வழக்குகளின் நடவடிக்கைகளை ஒளி-ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வகுத்த விதி. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்திற்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இணைப்பு வசதி குறைந்த தொலைதூரப் பகுதிகளுக்கு மட்டும் 72 மணி நேரம் வரை அளித்தது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு இதில் விலக்கு உண்டு. அண்மைக்கால வழக்குகளுக்கு நீதிமன்ற இணையதளத்தில் 16 இலக்கங்கொண்ட சி.என்.ஆர். எண்ணால் தேடலாம். ஆனால், கணினி வருவதற்கு முந்திய வழக்குகளுக்குப் பதிவறையின் படியேறித்தான் ஆக வேண்டும்.

கடமையும் எச்சரிக்கையும்

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1917ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு வகை ஆவணமும் குறித்த காலம் கழிந்தபின் அழிக்கப்படுகின்றது. சாட்சியங்கள் முன்னரே மறைய, தீர்ப்புகளே நெடுநாள் எஞ்சுகின்றன. இது எவருடைய சூழ்ச்சியும் அன்று, அலுவலக ஒழுங்கு. ஆனால் நாம் கேளாதிருந்தால் அவ்வொழுங்கே நம் பாட்டன் சொல்லை நெருப்பிலிடும்.

எச்சரிக்கையும் இன்றியமையாதது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுதல் குற்றமாகும். சிறார் பெயர்களையும் காத்தல் வேண்டும். விடுதலை பெற்றவரைக் குற்றவாளி என்று எழுதுதல் முறையன்று. இன்ன சாட்சி இன்னவாறு கூறினார், நீதிமன்றம் இன்ன முடிவு செய்தது என்று உள்ளபடி எழுதுக. காவல்துறை எழுதிய வாக்குமூலத்தையும் நீதிமன்றத்தில் ஆணையிட்டுச் சொன்ன சாட்சியத்தையும் ஒன்றெனக் கொள்ளற்க. பழைய பகையைக் கிளறுவதற்காக இவற்றைத் தேடுவோமாயின் நம் உழைப்பு வீணாகும்.

நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய சம்மன், ஜாமீன் தாள், அபராத ரசீது எதுவாயினும் எறிந்து விடாதீர்கள். அதிலுள்ள எண்ணையும் ஆண்டையும் நீதிமன்றத்தின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அதனருகே வீட்டு முதியவர் சொல்வதனை அவர் சொன்னவாறே எழுதுங்கள். பின்னர் நகலுக்கு மனுச் செய்யுங்கள். நம் சங்கத்தின் நூலகத்தில் அந்நகல்களுக்கென ஓர் அலமாரி ஒதுக்குமாறு நிருவாகக் குழுவினரை இம்மலர் வாயிலாகக் கேட்டுக் கொள்கின்றேன். என் தந்தையாரின் வழக்குத் தீர்ப்பு நகலை அவ்வலமாரிக்கு முதற்படியாக அளிக்கின்றேன். அடுத்த படி உங்கள் வீட்டிலிருந்து வரட்டும்.