வீணையும் ஈரக்காற்றும்

இசையின் வரலாற்றை ஆராய்வோர் இராகங்களை ஆராய்கின்றனர். இசைவாணர்களின் வாழ்க்கையைத் தொகுக்கின்றனர். இசைக்கருவிகள் எம்மரத்தால் ஆயின, அம்மரம் எத்தகைய காற்றில் வாழ்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆயினும் கருவிகளின் ஆயுள் பெரும்பாலும் அக்காற்றைப் பொறுத்தே அமைகின்றது. திருவனந்தபுரத்து இசை வரலாற்றை இந்த நோக்கில் சிறிது காண்போம். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இதனால் நேரான பயனும் உண்டு. ஊரிலிருந்து கொண்டு சென்ற பாட்டியின் வீணை ஒரே கோடையில் வெடித்துவிட்டதே என்று வருந்தும் குடும்பங்கள் தில்லியிலும் நாகபுரியிலும் உண்டு. வெடித்த வீணை செத்த வீணை என்று கருதி, அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துவிடுகின்றனர். அவ்வாறு கைவிட வேண்டுவதில்லை என்பதே நாம் இங்குக் கூற விரும்புவது.

முதலில் மரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வெட்டி, அறுத்து, உலர்த்திய பின்னரும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 ஆயின், மரத்தினுள் அதன் எடையில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீர் தங்கும். 50 ஆயின் 9 விழுக்காடே தங்கும். நீர் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாக்கிலோ மிகுதி. ஒரு சாண் அகலமுள்ள பலகை, மழைக்காலத்துக்கும் கடுங்கோடைக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். பலகையின் விளிம்புகளைப் பசையிட்டு இறுக்கியிருக்கும்போது அது எங்ஙனம் சுருங்கும்? நாரின் வழியே பிளக்கின்றது. எனவே, மரத்தை வெடிக்கச் செய்வது ஈரம் என்பதினும், ஈரத்தின் விரைந்த மாற்றம் என்பதே பொருந்தும்.

திருவனந்தபுரம் இவ்வகையில் ஒரு தனிச் சிறப்புடைய நகரம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் அங்கே பெய்கின்றன. கடற்காற்றும் இடைவிடாது வீசுகின்றது. ஆண்டு முழுதும் ஈரம் மிகுந்திருப்பினும், அது பெரிதும் ஏறி இறங்குவதில்லை. அங்கே மரத்துக்கு வரும் கேடு பூஞ்சணமும் பசைத் தளர்ச்சியுமேயன்றிப் பிளவு அரிது.

இந்நகரைத் தலைநகராகக் கொண்டு 1829 முதல் 1846 வரை ஆட்சி புரிந்த சுவாதித் திருநாள் மகாராஜா, தஞ்சையிலிருந்து பல கலைஞர்களை வரவழைத்து ஆதரித்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு பிடில் வாசிப்பில் வல்லவர். அவருக்கு மன்னர் 1834ஆம் ஆண்டில் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார் என்பது இசையுலகம் அறிந்த செய்தி. தந்தமும் மரத்தைப் போலவே ஈரத்தை வாங்கி விடும் பொருள். வறண்ட காற்றில் அதுவும் கீறும். காவிரிக்கரைக் கலைஞர் சேரநாட்டுக்கு வந்தபோது, அவர்தம் கருவிகளும் ஒரு காற்றினின்று மற்றொரு காற்றுக்கு வந்தன.

அந்நகரின் நவராத்திரி மண்டபம் இன்றும் புகழ் பெற்றது. பத்மநாபபுரத்துக் கலைமகள் ஆண்டுதோறும் ஊர்வலமாக அங்கே எழுந்தருள்கின்றாள். 1956ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னர், இவ்வூர்வலம் மாநில எல்லையையும் கடந்து செல்கின்றது. ஓசை நன்கு பரவுதற்பொருட்டு அம்மண்டபத்தின் கூரையிலே மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டுள்ளனர். கருவியை மட்டுமன்றி, அது ஒலிக்கும் இடத்தையும் நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இது சான்று.

இனி, வீணையின் அமைப்பை நோக்குவோம். இன்று நாம் காணும் இருபத்து நான்கு மெட்டு வீணை, தஞ்சை இரகுநாத நாயக்கர் அவையில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது என்பர். தஞ்சைத் தச்சர்கள் இதற்குப் பலாமரத்தையே தேர்ந்தனர். பண்ணுருட்டிப் பகுதிப் பலா இதற்குப் பேர்போனது. சேரநாட்டிலும் செண்டை, மத்தளம் முதலியவற்றின் உடலைப் பலாவிலேதான் கடைகின்றனர். நன்கு முற்றி உலர்ந்த பலா எளிதில் வளையாது. கனத்துக்கேற்ற நாதமும் தரும். குடம், தண்டி, யாளிமுகம் ஆகியவற்றை ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. ஏகாந்த வீணையில் பசை விட்டுப்போக இணைப்புகள் குறைவு. இஃது அதன் மதிப்புக்கு ஒரு காரணம். எனினும், குடத்தின் வாயை மூடும் மேற்பலகை மெல்லியது. பிளவு பெரும்பாலும் அதிலேதான் தோன்றும். மெட்டுகளைத் தாங்கும் மெழுகோ, தேன்மெழுகில் கரிப்பொடி முதலியன கலந்து செய்தது. வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும்.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுவந்த பியானோக்கள் இந்நாட்டு வெயிலிலும் மழையிலும் பசைவிட்டுக் கழன்றன. பின்னர் வெப்ப நாடுகளுக்கென்றே தேக்குப் பெட்டியும் பித்தளைத் திருகாணிகளும் பொருத்திய பியானோக்களை அவர்கள் செய்தனர். இன்று நம் இளைஞர் பலர் விரும்பி வாசிக்கும் கிட்டாரின் நிலையும் இதுவே. அதன் மேற்பலகை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனமே உடையது. வறண்ட நாட்டில் செய்த கிட்டார் திருவனந்தபுரத்து மழையில் வயிறு உப்பி, தந்திகள் பலகையினின்று உயர்ந்துவிடும்; அதுவே வடநாட்டுக் கோடையில் வயிறு ஒட்டி, நார்வழியே கீறும்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு புதுமை நேர்ந்தது. 1939ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் இசைப்பள்ளி தோன்றியது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவர். அங்கே வீணை கற்பித்த கே. எஸ். நாராயணசாமி பிற்காலத்தில் மும்பையிலும் பல மாணாக்கரை உருவாக்கினார். 1950ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் வானொலி நிலையம் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. இசைவாணரோடு கருவிகளும் புகைவண்டி ஏறின. மழையில் நனைந்த தெருவிலிருந்து குளிரூட்டிய ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்தன. முன்பு பருவந்தோறும் மெல்ல நிகழ்ந்த மாற்றம், இப்போது ஒரு மணி நேரத்தில் நிகழ்கின்றது. குளிரூட்டும் பொறி காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவது என்பதை நாம் மறத்தலாகாது.

பிளவு கண்டால் செய்ய வேண்டுவது யாது? உடனே பசையை ஊற்றி அடைப்பது தவறு. பிளந்த பலகை சுருங்கிய நிலையில் உள்ளது. அந்நிலையில் மரத்தூளும் பசையும் திணித்தால், மழைக்காலத்தில் பலகை உப்பும்போது இடமின்றி வேறோரிடத்தில் வெடிக்கும். ஆதலின், முதலில் கருவியை மூடிய உறையில், ஈரப் பஞ்சு வைத்த துளைப்பெட்டியோடு சில நாள் முதல் சில வாரம் வரை வைத்தல் வேண்டும். பஞ்சு மரத்தைத் தொடலாகாது. பிளவு தானே ஒடுங்கிவரும். பின்னர்த் தச்சர் வஜ்ஜிரத்தைக் காய்ச்சி, பிளவினுள் செலுத்தி, மென்மையாக இறுக்கிக் கட்டுவார். கிட்டாராயின் உட்புறத்தில் நாருக்குக் குறுக்காகச் சிறு மரத்துண்டுகளை ஒட்டுவர். ஒடுங்காத பிளவுக்கு அதே இன மரத்தின் மெல்லிய சிம்பைச் செருகுவர். வஜ்ஜிரத்தை வெந்நீராலும் சூட்டாலும் பின்னர் இளக்கலாம். ஆதலால் வருங்காலத் தச்சரும் அதைப் பிரித்துச் செப்பனிட இயலும். கடையில் விற்கும் விரைவுப் பசைகளுக்கு அக்குணம் இல்லை.

வருமுன் காத்தல் இதனினும் எளிது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றைப் பெட்டியினுள் வைக்கலாம். எண் 45க்கும் 55க்கும் இடையே நின்றால் கிட்டாருக்கு நலம். வீணைக்கோ, அது பழகிய காற்றினின்று திடீரென மாறாதிருத்தலே முதன்மை. வறண்ட ஊரில் ஈரப் பஞ்சும், கொல்கத்தா போன்ற ஈர ஊரில் ஈரம் உறிஞ்சும் மணிகளும் உதவும். வெளிச்சுவரிலும் குளிரூட்டியின் எதிரிலும் கருவியை வைக்க வேண்டா. பயணம் முடிந்தவுடன் பெட்டியைத் திறவாது, ஒரு நாள் அவ்வாறே விட்டுப் பின்னர்த் திறத்தல் நன்று.

எல்லாவற்றினும் மேலாக, கருவியை நாள்தோறும் எடுத்து வாசிக்க வேண்டும். வாசிப்பவர் கையே சுருதி மாற்றத்தையும், மெட்டின் அசைவையும், தொடக்கக் கீறலையும் முதலில் உணரும். ஊரை விட்டு வந்த நாம் புதிய காற்றுக்கு மெல்ல மெல்லப் பழகினோம். நம்மோடு வந்த வீணைக்கும் அந்தக் கால அவகாசத்தை அளிப்போமாக.