கையெழுத்துப் போட்டாச்சு, புத்தகம்?

நூலகத்துக்குப் போகிறீர்கள். தேடின புத்தகம் இல்லை. ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் தினசரியைப் புரட்டிவிட்டுத் திரும்புகிறீர்கள். ஆனால், வாசல் நோட்டில் கையெழுத்துப் போட்டாச்சே! அன்றைய கணக்கில் நீங்களும் பயனடைந்த வாசகர்தான்.

ரொம்ப காலம் உலகம் முழுக்க இதே கதை. எத்தனை புத்தகம், எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். வந்தவர் திருப்தியாகப் போனாரா? அதைக் கேட்பவர் குறைவு.

சென்னையில் ஒருவர் கேட்டார். 1924-ல் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். வந்த வேகத்தில் போரடித்துப்போய், பழைய வேலையையே கொடுத்துடுங்க என்று கல்லூரியில் போய் நின்றவர்! லண்டன் நூலகங்களைப் பார்த்ததும் மனசு மாறியது. 1931-ல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. சரி, மிச்சமாச்சா என்று எப்படி அளப்பது?

அளவுகோல் கிடைத்தது, பாங்க்கிலும் ரிப்பேர் கடையிலும்! சென்னை ஐ.ஐ.டி-யில் படித்த ஏ.பரசுராமன், டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஸைத்தாம்ல், பெர்ரி என்ற இரண்டு பேரோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். 1988-ல் வந்தது 'ஸெர்வ்குவல்'. 22 விஷயங்கள். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன? நடுவில் விழும் பள்ளம்தான் மார்க்.

அதே பல்கலைக்கழக நூலகம் 1990-களில் இதைத் தன்மேலேயே பரீட்சித்துப் பார்த்தது. 2000-ல் ஆராய்ச்சி நூலகங்களின் சங்கத்தோடு சேர்ந்து 'லிப்குவல்' பிறந்தது. இதில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று மார்க். இதற்குக் குறைந்தால் பொறுக்க மாட்டேன், இவ்வளவு இருந்தால் சந்தோஷம், இப்போது கிடைப்பது இது. எல்லாம் 1 முதல் 9 வரை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. எதிர்பார்ப்பே இல்லாதவனுக்குப் பள்ளமும் கிடையாது. ஃபேன் சுற்றினாலே நாம் ஏழு மார்க் போட்டுவிட மாட்டோமா?

அதனால் சிலர் கேட்பதோடு நிறுத்தாமல் கவனிக்கவும் ஆரம்பித்தார்கள். 2004-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம், நான்சி ஃபாஸ்டர் என்ற மானிடவியலாளரை இறக்கியது. பழங்குடிகளை ஆராய்கிற மாதிரி, மாணவர்களை! கையில் கேமரா கொடுத்து, எங்கே படிக்கிறாய், எதோடு படிக்கிறாய், படம் எடுத்து வா என்றார்கள்.

தெரிந்தது என்ன? கட்டுரையில் சிக்கினால் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு போன் போடுகிறார்கள். நூலகர் ஞாபகத்துக்கே வருவதில்லை. கட்டுரை எழுதுவதோ ராத்திரியில். உதவி மேஜை அதற்குள் காலி.

நூலகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. சில ராத்திரிகள் நேரம் கழித்தும் மேஜையிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள்.