படம், பெயர், பேரேடு: கடல் விலங்குகளை அடையாளம் காண்பதன் அரசியல்

கடலில்லாத ஊரிலிருந்து கடலைப் பற்றி எழுதுகிறேன். ஓசூரில் எங்களுக்கு வாய்த்த பெரிய விலங்கு யானை. ராகி விளையும் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து எல்லை தாண்டி வரும். சானமாவுப் பக்கத்து விவசாயி 'யானை வந்துச்சு' என்று பொதுவாகச் சொல்லமாட்டார். 'காது கிழிஞ்சவன் வந்தான், மக்னா இந்தத் தடவ வரல' என்பார். கூட்டத்தைத் தனித்தனி ஆளாகப் பிரித்தறிகிற இந்தப் பார்வைக்கு அறிவியல் என்ற அந்தஸ்து எப்போது கிடைக்கிறது? யார் கையில் கிடைக்கிறது? கடல் விலங்குகளைப் படத்தால் அடையாளம் காண்பதன் வரலாற்றை இந்தக் கேள்வியோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த வரலாற்றின் முன்கதை வேட்டை. 1930களில் பிரிட்டனின் 'டிஸ்கவரி' ஆய்வாளர்கள் தென்கடல் திமிங்கலங்களின் உடம்பில் எண் பொறித்த உலோகக் குழல்களைச் சுட்டுச் செலுத்தினார்கள். அது எங்கிருந்து எங்கே போனது என்று தெரிய வேண்டுமானால், வேட்டைக்காரர்கள் அதை வெட்டிக் கூறுபோடும்போது அந்தக் குழல் அகப்பட வேண்டும். அதாவது, செத்த பிறகுதான் அதற்கொரு பயணம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளப்படும். அறிவு வணிகத்தின் தோளில் உட்கார்ந்திருந்த காலம் அது.

1970களில் இது உடைகிறது. அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் ரோஜர் பெய்ன், திமிங்கலத் தலையிலுள்ள தடிப்புகளைப் படமெடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிந்தார். கனடாவின் மேற்குக் கரையில் மைக்கேல் பிக், 1971இல் மீனவர், படகோட்டி, கலங்கரை விளக்கக் காவலர் என்று பலருக்கும் படிவங்கள் கொடுத்து, ஒரே நாளில் கண்ணில் படும் ஓர்க்காக்களை எண்ணச் சொன்னார். ஆயிரக்கணக்கில் இருப்பதாக நம்பப்பட்ட விலங்கு அதிகம் போனால் 350தான் என்று தெரிந்தது. பிறகு முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் அதன் பின்னாலுள்ள சாம்பல் திட்டையும் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனியாக அறிந்தார்கள். காட்சிசாலைகளுக்குப் பிடித்து விற்ற தொழிலின் நியாயம் ஆட்டம் கண்டது.

2005இல் இன்னொரு திருப்பம். திமிங்கலச் சுறாவின், நம் கரையில் சொல்கிற அம்மணி உழுவையின், உடம்பிலுள்ள வெண்புள்ளிகள் இரவு வானம் போலிருக்கின்றன. விண்மீன் படங்களை ஒப்பிட 1986இல் எட்வர்ட் குரோத் வகுத்த கணக்குமுறையை வானியலாளர் சாவன் அர்சுமானியன், நிரலாளர் ஜேசன் ஹோம்பெர்க், உயிரியலாளர் பிராட் நார்மன் மூவரும் அந்தப் புள்ளிகளுக்குப் பொருத்தினார்கள். எங்கோ ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படமும் பேரேட்டில் ஒரு வரியாகிவிடும்.

நல்லது. ஆனால் 'குடிமக்கள் அறிவியல்' என்கிறபோது யார் இந்தக் குடிமகன்? கேமராவும் ஓய்வும் காசும் உள்ளவன் போகிற கடலிலிருந்துதான் படம் வரும். மற்ற கடல் காலியாகத் தெரியும். திருகோணமலையைப் பாருங்கள். 1979இல் இந்துமாக்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்மரக்கலத்தில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலில் நீலத்திமிங்கலங்களைப் பதிவு செய்தார்கள். 1983இல் போர் மூண்டது. ஆய்வு நின்றது. கிழக்குக் கரைத் தமிழ் மீனவரின் கடலே தடைகளால் சுருங்கிப் போனது. படம் இல்லாத அந்த ஆண்டுகளில் திமிங்கலம் இல்லாமல் போகவில்லை. பார்க்கிற உரிமைதான் இல்லாமல் போயிற்று. ஆவணத்தின் வெற்றிடம் இயற்கையின் வெற்றிடம் அல்ல என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2001இல் திமிங்கலச் சுறா நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. குஜராத் மீனவர்கள் வலையில் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விடுவித்தார்கள். வலை போனால் பிழைப்பு போச்சு. அதனால் விடுவிப்பதைத் தாங்களே படமெடுத்துக் காட்டி இழப்பீடு பெறும் ஏற்பாடு வந்தது. இங்கே ஒரே படம் ஆய்வாளனுக்குத் தரவு, மீனவனுக்குக் கோரிக்கை மனு. பாக் நீரிணையிலும் இதுவே பிரச்சினை. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியாக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவித்துப் படமெடுக்கிற மீனவனுக்குப் பாராட்டு கிடைக்கிறது. ஆனால் அது செத்துப்போய்ச் சிக்கியிருந்தால்? அதே படம் வழக்குக்குச் சாட்சியாகும் என்று அவன் அஞ்சினால், சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிட்டுத்தான் வருவான். அந்த மரணம் எந்தக் கணக்கிலும் ஏறாது. மீனவனை நம்பாத அறிவியலுக்குப் பாதிக்கடல்தான் தெரியும்.

விலங்கைத் தனி ஆளாகப் பார்ப்பது மேற்கு நமக்குக் கற்றுத்தந்தது என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குப் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மன் காலத்தது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். கள்வரைக் கடித்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்று கல்லில் இருக்கிறது. உருவம், பெயர், நடந்த செய்தி: பேரேட்டுக்கு வேண்டியது மூன்றும் அங்கே உண்டு. செதுக்கியவன் பெயர் மட்டும் இல்லை.

இன்றும் அதேதான். ஓசூரை ஒட்டிய டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறைகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அப்படியொரு ஐபோன் எங்கோ ஒரு கடலில் ஒரு வாலைப் படமெடுக்கிறது. திமிங்கலத்துக்கு எண் கிடைக்கிறது, படமெடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. கருவியைச் செய்தவளும், அந்த விலங்கை முன்பே அறிந்திருந்த கட்டுமரக்காரனும் பேரேட்டில் எந்தப் பத்தியில் வருவார்கள்? விலங்கைத் தனித்தனியாக அடையாளம் காணக் கற்றுக்கொண்ட அறிவியல், மனிதரை எப்போது அப்படிக் கற்கப் போகிறது?