பட்டயக் கணக்காளர் கழகத்தின் கருட இலச்சினை

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் இலச்சினை. நடுவே கருடன் உருவமும், கடோபநிடதத்திலிருந்து எடுத்த ஒரு சமஸ்கிருதத் தொடரும் கொண்டது. 1949-இல் ஸ்ரீ அரவிந்தர் அளித்தது.

1913-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்துக்குப் பிறகு தணிக்கையாளர் தேவை பெருகியது. 1930-களில் ‘பதிவு பெற்ற கணக்காளர்’ என்ற தகுதி நடைமுறைக்கு வந்தது. அவர்களுக்கெனத் தன்னாட்சியுள்ள அமைப்பு, பட்டயக் கணக்காளர் சட்டம் நடப்புக்கு வந்த 1949 ஜூலை 1 அன்றுதான் பிறந்தது.

புதிய கழகத்துக்கு முத்திரை வேண்டியிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து அதன் கவுன்சிலுக்குத் தேர்வான சென்னை ஆடிட்டர் சி. எஸ். சாஸ்திரி, புதுச்சேரியில் இருந்த அரவிந்தரை நாடினார். அவர் சென்று கேட்டதாகவும் கடிதம் வழியே கேட்டதாகவும் சேர்த்தே சொல்லப்படுகிறது. 1926 நவம்பர் முதல் அரவிந்தர் தனிமையில் இருந்தவர். ஆண்டில் சில தரிசன நாட்களில் மட்டுமே அன்பர்கள் முன் வருவார். ஆகவே, சாஸ்திரி புதுச்சேரி வரை சென்றிருந்தாலும், வேண்டுகோள் கடிதமாகவே உள்ளே போயிருக்கும் என்று கொள்வது பொருத்தம். மறுமொழியாகக் கருடனும் உபநிடதத் தொடரும் வந்தன. 1949 ஆகஸ்ட் 16 அன்று கூடிய முதல் கவுன்சில் கூட்டத்தில், பிற உறுப்பினர்கள் கொண்டுவந்த வடிவங்களோடு இதுவும் வைக்கப்பட்டு ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய நாள்தான் அரவிந்தருக்கு 77 வயது நிறைந்திருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார்.

உபநிடதத்தில் இத்தொடர் நசிகேதனுக்கு எமன் செய்யும் உபதேசத்தில் வருகிறது. எல்லோரும் உறங்கும்போதும் அவர்களுள் விழித்திருக்கும் பரம்பொருளைப் பற்றியது. அதைத் தணிக்கையாளரின் விழிப்பாகக் கொள்வது தொழிலுலக வழக்கம். மூலத்தின் பொருள் அதைவிட விரிவானது என்பாரும் உண்டு. 1909-லேயே கடோபநிடதத்தை ஆங்கிலத்தில் தந்தவர் அரவிந்தர். இடமும் பொருளும் அறிந்தே அவர் தேர்ந்திருக்க வேண்டும்.

கருடனுக்குக் கூரிய பார்வை, வேகம் என்று விளக்கம் தருவார்கள். வைணவ மரபு ‘பெரிய திருவடி’ என்று போற்றுவது முதலில் அவருடைய தொண்டையே. ஸ்ரீரங்கம் கோயிலின் கருட மண்டபத்தில், பெரிய பெருமாளை நோக்கிக் கைகூப்பி அமர்ந்திருக்கும் கருடாழ்வாரைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. அத்தனை பேருருவமும் பறக்கும் கோலத்தில் இல்லை, காத்திருக்கும் கோலத்தில் இருக்கிறது. பிறர் பணத்துக்குக் கணக்குப் பார்க்கும் தொழிலுக்குக் கண்கூர்மையோடு அந்தப் பணிவும் பொருந்தும். இலச்சினையை வரைந்தபோது இந்தக் கருடனை மனத்தில் கொண்டார்கள் என்பதற்குச் சான்றில்லை. இதே காலத்தில், 1950 பிப்ரவரியில், இந்தோனேசியாவும் கருடனைத் தன் அரசுச் சின்னமாக ஏற்றது.



உறுப்பினர்களின் பயன்பாட்டுக்கெனப் பின்னாளில் தனி லோகோ வந்தது. நீல நிறத்தில் ‘சிஏ’ எழுத்துகள், அருகே தலைகீழான பச்சை ‘டிக்’. ஏடு சரிபார்ப்பவர் இடும் குறி அது. 2023-இல் அந்த லோகோ ‘இந்தியா’ என்ற சொல்லும் மூவண்ண ‘டிக்’கும் பெற்றது.