வென்ற பின்னும் விலக்கப்பட்டவர்கள்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கூடைப்பந்து ஒரு விளையாட்டு மட்டுமன்று. ஊர்களின் மானப் பிரச்சினையாகும். அக்காலத்தில் சிறிய பள்ளி, பெரிய பள்ளி என்ற பாகுபாடின்றி யாவும் ஒரே கோப்பைக்கு ஆடின. 1954-இல் 161 மாணவரே பயின்ற மைலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி, இறுதிப் போட்டியில் மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என வீழ்த்தியது. ஊர் திரும்பிய பிள்ளைகளைப் பல்லாயிரவர் எதிர்கொண்டழைத்தனர். 1986-இல் வெளிவந்த ‘ஹூசியர்ஸ்’ திரைப்படத்திற்கு அவ்வெற்றியே வித்தாயிற்று.

இறுதிச் சுற்றுக்குச் செல்லும் வழியில் மைலன் வென்ற அணிகளுள் ஒன்று, இண்டியானாபொலிஸ் நகரின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி. நாம் அறிய வேண்டிய வரலாறு அப்பள்ளியினுடையதே.

கறுப்பின மாணவரை மற்றப் பள்ளிகளினின்றும் பிரித்து வைப்பதற்கென்றே 1927-இல் அது திறக்கப்பட்டது. 1942 வரை மாநிலப் போட்டிகளிலும் அதற்கு இடமில்லை. ஆயினும், வேறிடங்களில் வேலை மறுக்கப்பட்ட கறுப்பின அறிஞர் பலர் அங்கே ஆசிரியராயினர். ஒதுக்குவதற்காகக் கட்டிய பள்ளி கல்வியில் ஓங்கி நின்றது. அதன் ஆடுகளமோ மிகச் சிறிது. ஆகவே அணியினர் பிற இடங்களுக்குச் சென்றே ஆடினர்.

பயிற்சியாளர் ரே குரோ, நடுவர்களின் ஓரவஞ்சனையை நன்கறிந்தவர். வாதாடிப் பயனில்லை என்றுணர்ந்து, தொடக்கத்திலேயே எட்டாத தூரம் முந்திவிடுமாறு பிள்ளைகளைப் பணித்தார். ஏழ்மையில் வளர்ந்த ஆஸ்கர் ராபர்ட்சன் அவ்வணியின் ஒளிவிளக்கு. 1955-ஆம் ஆண்டுப் பருவத்தில் 31 வெற்றி, ஒரே தோல்வி. இறுதியில், கேரி நகரத்து ரூஸ்வெல்ட் என்னும் மற்றொரு கறுப்பினப் பள்ளியை 97-74 என வென்றனர். எல்லாப் பள்ளிகளும் கலந்துகொண்ட மாநிலப் போட்டியில் ஒரு கறுப்பினப் பள்ளி வாகை சூடியது அமெரிக்காவிலேயே அதுவே முதன்முறை. இண்டியானாபொலிஸ் நகருக்கும் அதுவே முதற் கோப்பை!

வென்றவர்கள் நகர நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் கொண்டாடுவது மரபு. அட்டக்ஸ் பிள்ளைகளோ தீயணைப்பு வண்டியில் அவ்வட்டத்தை ஒருமுறை சுற்றியதும், கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலுள்ள பூங்காவிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். கலவரம் நேரும் என அஞ்சினராம் நகரத்தார். நகருக்குப் பெருமை தேடித் தந்தவர்களுக்கு நகரின் நடுவிடம் மறுக்கப்பட்டது. அவ்வடுவை ராபர்ட்சன் முதுமையிலும் மறக்கவில்லை.

மறு ஆண்டு, 1956-இல், ஒரு போட்டியிலும் தோற்காமல் அவர்கள் மீண்டும் கோப்பையை வென்றனர். 1960-இல் ராபர்ட்சன் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார். 2015-இல், அறுபது ஆண்டு கழித்து, அதே நகரம் அம்முதியவர்களைத் தன் விழா ஊர்வலத்தில் முதன்மை விருந்தினராக அமர்த்தியது.

இளைஞர்களே! திறமை வென்றாலும் தீண்டாமை தானே ஒழிந்துவிடுவதில்லை. ஊரின் நடுவீதி நமக்கும் உரியது என்று கேட்டே பெறவேண்டும். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவது கல்வி. அட்டக்ஸ் ஆசிரியர்கள் அதைத்தான் தந்தனர். நம் கழகம் செய்யவேண்டிய பணியும் அதுவேயாகும்.